டெக்சாஸ் வீட்டு வரி: மதிப்பீட்டை எதிர்த்து முறையிடுவது எப்படி, எதற்காக?

ஏப்ரல் பாதி தாண்டியதும் டெக்சாஸில் வீடு வைத்திருப்பவர்களின் தபால் பெட்டிக்கு ஒரு கடிதம் வந்து சேரும். ‘நோட்டீஸ் ஆஃப் அப்ரைஸ்டு வேல்யூ’ என்பது அதன் தலைப்பு. வீட்டுக்கு இந்த ஆண்டு என்ன மதிப்பு போட்டிருக்கிறார்கள் என்று அதில் இருக்கும். பிரிஸ்கோ, பிளேனோ, ரவுண்ட் ராக், கேட்டி, சுகர் லேண்ட் என்று தமிழர்கள் கூடி வாழும் ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சுதான். "உங்களுக்கு எவ்வளவு ஏத்தியிருக்காங்க? ப்ரொடெஸ்ட் பண்ணலாமா? பண்ணினா கோபத்துல இன்னும் ஏத்திடுவாங்களா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். ஏற்ற முடியாது. 2019-ல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின்படி, முறையீட்டை விசாரிக்கும் வாரியம் உங்கள் வீட்டு மதிப்பைக் குறைக்கலாம், அப்படியே விடலாம். பதிவேட்டில் இருப்பதற்கு மேல் கூட்ட அதற்கு அதிகாரம் இல்லை. படிவத்துக்குக் கட்டணமும் கிடையாது. ஆகவே பயந்துகொண்டு சும்மா இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் எதை எதிர்த்து முறையிடுகிறோம் என்பதில்தான் பெரும்பாலோருக்குக் குழப்பம். அதை அடியிலிருந்து பார்ப்போம்.

மதிப்பு போடுபவர் வேறு, வரி போடுபவர் வேறு

டெக்சாஸில் தனிநபர் வருமான வரி கிடையாது. மாநில அரசும் சொத்து வரி வசூலிப்பதில்லை. பள்ளிகள், நகராட்சி, கவுன்டி, சமுதாயக் கல்லூரி, சில இடங்களில் மருத்துவமனை மாவட்டம், புறநகர்களில் ‘மட்’ என்று சொல்லும் தண்ணீர், கழிவுநீர் அமைப்பு எல்லாம் வீட்டு வரியை நம்பித்தான் நடக்கின்றன. இவை ஒவ்வொன்றும் தனக்கான வரி விகிதத்தை ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தானே தீர்மானிக்கும். இவற்றில் பெரிய பங்கு பெரும்பாலும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்குப் போகிறது.

வீட்டின் மதிப்பைப் போடுவது இவர்களில் யாரும் இல்லை. அதற்கென்றே ‘அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்’ என்ற தனி அலுவலகம் இருக்கிறது. முன்பு ஒவ்வொரு ஊரும் பள்ளி நிர்வாகமும் ஒரே வீட்டுக்கு வெவ்வேறு மதிப்பு போட்டுக்கொண்டிருந்தன. அதை ஒழுங்குபடுத்த 1979-ல் வந்த சட்டம்தான் இந்த அலுவலகங்களை உண்டாக்கியது. இன்று மாநிலத்தில் 254 கவுன்டிகளுக்கு 253 மதிப்பீட்டு அலுவலகங்கள் உள்ளன; பாட்டர், ராண்டல் என்ற இரண்டு கவுன்டிகளுக்கு மட்டும் பொது அலுவலகம்.

ஆக, வரி என்பது இரண்டு எண்களின் பெருக்கல்: மதிப்பு, விகிதம். ஏப்ரல் கடிதத்தில் இருப்பது முதல் எண் மட்டும். "வரி ரொம்ப அதிகம், சம்பளம் அப்படியே இருக்கிறது, ஒரே ஆண்டில் இவ்வளவா கூடும்?" என்பதெல்லாம் நியாயமான வருத்தம்தான். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் நகர மன்றமும் பள்ளி நிர்வாகக் குழுவும் விகிதத்தை முடிவு செய்ய நடத்தும் பொதுக் கூட்டம். மதிப்பீட்டு முறையீட்டில் அந்தப் பேச்சு எடுபடாது. அங்கே "இந்த மதிப்பு தவறு, இதோ காரணம்" என்பதை மட்டுமே கேட்பார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதாக இருப்பதில் வியப்பில்லை. அங்கே மாநகராட்சிகள் ஆண்டு வாடகை மதிப்பைக் கணக்கிட்டு வரி போடுகின்றன. வீடு இன்று என்ன விலைக்குப் போகும் என்பது நேரடியாகக் கணக்கில் வராது. கலிபோர்னியாவிலிருந்து குடிபெயர்ந்தவர்களுக்கும் குழப்பம்தான். 1978-ல் வந்த ப்ரொபொசிஷன் 13 சட்டத்தால் அங்கே வாங்கிய விலையே அடிப்படை, ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் அது ஏறாது. டெக்சாஸில் ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதுதான் கணக்கு.

முறையீட்டுக்கு முன்னால் ஹோம்ஸ்டெட்

நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு ‘ஹோம்ஸ்டெட்’ விலக்கு உண்டு. பள்ளி வரிக்கான விலக்கு 2023-ல் 1,00,000 டாலராக உயர்ந்தது. 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு, 2025 வரி ஆண்டிலிருந்தே 1,40,000 டாலர் ஆகிவிட்டது. 65 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 60,000 டாலர் சேரும். கவுன்டியும் நகராட்சியும் விரும்பினால் தங்கள் பங்குக்கு 20 சதவீதம் வரை விலக்கு தரலாம்; இது ஊருக்கு ஊர் மாறும்.

விண்ணப்பிக்க இரண்டு விஷயங்கள் முக்கியம். வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், உங்கள் டெக்சாஸ் ஓட்டுநர் உரிமத்தில் அந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும். "நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன், எனக்குக் கிடைக்காது" என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இதற்குத் தேவையில்லை. விட்டுப்போயிருந்தால், அந்த வரி கட்ட வேண்டிய கெடு முடிந்து இரண்டு ஆண்டுகள் வரைகூட தாமதமாக விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். படிவம் இலவசம். அரசுக் கடிதம் மாதிரியே அச்சடித்து, "உங்கள் ஹோம்ஸ்டெட்டைப் பதிவு செய்து தருகிறோம்" என்று காசு கேட்டு வரும் தபாலைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஒரே கடிதத்தில் இரண்டு மதிப்பு

ஹோம்ஸ்டெட் இருக்கும் வீட்டுக்குக் கடிதத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று சந்தை மதிப்பு. இன்னொன்று, வரம்புக்கு உட்பட்ட மதிப்பு. வரி போடுவது இரண்டாவதன்மேல். குடியிருக்கும் வீட்டின் இந்த இரண்டாவது மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்பது விதி. புதிதாகக் கட்டிச் சேர்த்த பகுதிக்கு மட்டும் விதிவிலக்கு. விலக்கு கிடைக்கும் முதல் ஆண்டில் இந்தப் பாதுகாப்பு கிடையாது, அடுத்த ஆண்டிலிருந்துதான் தொடங்கும். வீடு கைமாறினால் பழைய உரிமையாளரின் வரம்பும் போய்விடும். பழைய வீட்டை வாங்கியவருக்கு மறு ஆண்டே வரி துள்ளுவதற்கு இதுதான் காரணம்.

இதை ஏன் இவ்வளவு விளக்க வேண்டும் என்றால், முறையீட்டில் ஜெயித்தும் ஒரு டாலர்கூட மிச்சமாகாமல் போவது இங்கேதான். ஒரு கணக்கு:

1. போன ஆண்டு வரிக்கு எடுத்துக்கொண்ட மதிப்பு 4,50,000 டாலர்.
2. இந்த ஆண்டு சந்தை மதிப்பு 5,80,000 டாலர்.
3. 10 சதவீத வரம்பின்படி இந்த ஆண்டு வரி போடக்கூடியது 4,95,000 டாலர் மட்டும்.
4. நீங்கள் முறையிட்டு சந்தை மதிப்பை 5,40,000 ஆக்குகிறீர்கள். வரி இன்னும் 4,95,000-க்குத்தான். மிச்சம் எதுவும் இல்லை.

சந்தை மதிப்பு 4,95,000-க்குக் கீழே இறங்கினால்தான் இந்த ஆண்டு பயன். 5,80,000-லிருந்து அவ்வளவு இறக்குவது கடினம். அப்படியென்றால் முறையிடவே வேண்டாமா? செலவில்லாத வேலை என்பதால் செய்து வைப்பதில் தவறில்லை. ஒரு சின்னப் பலனும் உண்டு. வாரியத்தின் தீர்ப்பால் ஒரு மதிப்பு குறைந்தால், அடுத்த ஆண்டு அதைக் கூட்டுவதற்கு மதிப்பீட்டு அலுவலகம் வழக்கத்தைவிடத் திடமான சான்று காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஒரு நாள் விடுப்பு எடுத்து விசாரணைக்குப் போவதா என்பதை, இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்தால் நிலைமை வேறு. அண்மையில் வாங்கியவர்கள், வீட்டு விலை இறங்கிய பகுதியில் இருப்பவர்கள், வாடகைக்கு விட்டிருப்பவர்கள் எல்லோரும் அவசியம் முறையிட வேண்டும். குறையும் ஒவ்வொரு ஆயிரமும் அவர்களுக்கு வரியில் தெரியும். வாடகை வீட்டுக்கு 2024 முதல் 2026 வரை 20 சதவீத வரம்பு ஒன்று தற்காலிகமாக இருக்கிறது. அதையும் இதே மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

புது வீடு வாங்கியவர்களின் சிக்கல் வேறு

பில்டரிடம் புது வீடு வாங்கியவர்கள் இரண்டாம் ஆண்டில் அடையும் அதிர்ச்சிக்கு முறையீடு மருந்தாகாது. ஜனவரி 1 அன்று அந்த இடம் வெறும் மனையாக இருந்திருந்தால், அந்த ஆண்டு வரி மனைக்கு மட்டும்தான். மனை 1,20,000 டாலர், மொத்த விகிதம் 1.75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வரி 2,100 டாலர். வங்கி அதை வைத்து எஸ்க்ரோவுக்கு, அதாவது வரி கட்டுவதற்காகத் தான் பிடித்து வைக்கும் கணக்குக்கு, மாதம் 175 டாலர் பிடிக்கும்.

அடுத்த ஜனவரியில் வீடு எழும்பி நிற்கிறது, மதிப்பு 6,00,000. பள்ளி விகிதம் 1 சதவீதம், மற்றவை எல்லாம் சேர்த்து 0.75 என்று கொண்டால், 1,40,000 விலக்கு போக பள்ளிக்கு 4,600, மற்றவற்றுக்கு 4,500, மொத்தம் 9,100 டாலர். எஸ்க்ரோவில் இருப்பதோ 2,100. பள்ளம் 7,000. அதற்கடுத்த ஆண்டு வங்கி இந்தப் பள்ளத்தை 12 மாதங்களில் நிரப்பச் சொல்லும், புதிய வரிக்கான தொகையையும் சேர்த்துப் பிடிக்கும். மாதம் 175 கட்டிய இடத்தில் ஏறத்தாழ 1,340 டாலர். இருவரும் வேலைக்குப் போகும் குடும்பத்தையே ஆட்டிவிடும் தொகை இது. முதல் ஆண்டிலேயே முழு வீட்டுக்கான வரியைத் தோராயமாகக் கணக்கிட்டு, வித்தியாசத்தைத் தனியாக எடுத்து வைப்பது ஒரு வழி. எஸ்க்ரோவில் முன்கூட்டியே கூடுதலாகப் பிடிக்கச் சொல்லியும் வங்கியிடம் கேட்கலாம்.

இரண்டு காரணங்கள், இரண்டையும் குறியுங்கள்

முறையீட்டுப் படிவத்தின் எண் 50-132. பெரும்பாலான மதிப்பீட்டு அலுவலகங்களில் இணையத்திலேயே முடித்துவிடலாம். கெடு மே 15, அல்லது கடிதம் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள். இரண்டில் எது பிந்தியதோ அது. மதிப்பு கூடவில்லை என்றால் சில நேரம் கடிதமே வராது. அப்போதும் முறையிடும் உரிமை இருக்கிறது, மே 15-ஐ நினைவில் வைத்திருந்தால் போதும்.

படிவத்தில் ‘என்ன காரணம்’ என்ற இடத்தில் பல கட்டங்கள் இருக்கும். வீட்டுக்காரருக்கு வேண்டியவை இரண்டு.

1. மதிப்பு தவறு: ஜனவரி 1 அன்று இந்த வீடு சந்தையில் அந்த விலைக்குப் போயிருக்காது.
2. மதிப்பு சமமில்லை: இதே மாதிரியான மற்ற வீடுகளுக்குப் போட்டிருப்பதைவிட என் வீட்டுக்கு அதிகமாகப் போட்டிருக்கிறார்கள்.

முதல் கட்டத்தை மட்டும் குறித்துவிட்டுப் போனால், விசாரணையில் இரண்டாவதைப் பேச விடமாட்டேன் என்று வாரியம் சொல்லலாம். இந்த இரண்டாவது கட்டம்தான் சாதாரண வீட்டுக்காரரின் கையில் இருக்கும் சிறந்த கருவி. அதை ஏராளமானோர் கண்டுகொள்வதே இல்லை என்பதுதான் வருத்தம். காரணம் எளிது. டெக்சாஸில் வீடு என்ன விலைக்கு விற்றது என்பது பொதுப் பதிவு அல்ல. விற்பனை விலைகளை ரியல் எஸ்டேட் முகவர்களின் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு முகவர் நண்பராக இருக்க வேண்டும். ஆனால் உங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் மதிப்பீட்டு அலுவலகம் என்ன மதிப்பு போட்டிருக்கிறது என்பது அதன் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. சான்று அவர்களுடையதே. அது சரியில்லை என்று அவர்களே சொல்ல முடியாது.

சமமில்லை என்று காட்டும் கணக்கு

இணையதளத்தில் உங்கள் முகவரியைத் தேடினால் வீட்டின் பக்கம் திறக்கும். அதில் உங்கள் குடியிருப்புக்கான ஒரு குறியீடு இருக்கும். அதே குறியீட்டில், ஏறத்தாழ அதே பரப்பு, அதே கட்டிய ஆண்டு, அதே தரவகுப்பு உள்ள வீடுகளைப் பொறுக்குங்கள். நீச்சல் குளம் இருக்கும் வீட்டை இல்லாத வீட்டோடு சேர்க்காதீர்கள்.

உங்கள் வீடு 3,100 சதுர அடி, சந்தை மதிப்பு 6,20,000 டாலர், அதாவது சதுர அடிக்கு 200 என்று வைத்துக்கொள்வோம். தெருவில் ஐந்து வீடுகள் கிடைக்கின்றன:

1. 3,200 சதுர அடி, 5,92,000 டாலர்: சதுர அடிக்கு 185
2. 3,050 சதுர அடி, 5,79,500 டாலர்: 190
3. 2,980 சதுர அடி, 5,72,160 டாலர்: 192
4. 3,000 சதுர அடி, 5,85,000 டாலர்: 195
5. 3,150 சதுர அடி, 6,14,250 டாலர்: 195

சட்டம் கேட்பது சராசரியை அல்ல, இடைநிலையை. வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 192. அதை 3,100-ஆல் பெருக்கினால் 5,95,200. ஆக உங்கள் கோரிக்கை 24,800 டாலர் குறைப்பு. முன்பு சொன்ன 1.75 சதவீதத்தில் அது 434 டாலர் வரி.

இதில் இரண்டு இடங்களில் சறுக்குவார்கள். ஒன்று, பக்கத்து வீட்டுக்காரரின் வரம்புக்கு உட்பட்ட மதிப்பை எடுத்துவிடுவது. பத்து ஆண்டுகளாக அங்கேயே இருப்பவரின் வரி மதிப்பு மிகக் குறைவாகத்தான் இருக்கும். அது அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, உங்களுக்குச் சான்று ஆகாது. ஒப்பிட வேண்டியது சந்தை மதிப்போடு சந்தை மதிப்பை. இரண்டாவது, பரப்பில் பெரிய வித்தியாசம் உள்ள வீடுகளை எடுப்பது. சிறிய வீட்டுக்குச் சதுர அடி விலை பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும், பெரிய வீட்டுக்குக் குறைவாக இருக்கும். 4,200 சதுர அடி வீடுகளின் விலையைக் காட்டி 3,100 சதுர அடி வீட்டுக்குக் கேட்டால், எதிரே இருப்பவர் ஒரே வரியில் உடைத்துவிடுவார்.

மதிப்பு தவறு என்று காட்டும் சான்று

முதலில் உங்கள் வீட்டைப் பற்றி அலுவலகம் எழுதி வைத்திருப்பது சரிதானா என்று பாருங்கள். பல லட்சம் வீடுகளுக்கு ஒட்டுமொத்தமாகக் கணினி மூலம் மதிப்பு போடுகிறார்கள். யாரும் உங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்ததில்லை. மாடியில் கூடத்துக்கு மேலே வெறும் வெளியாகத் திறந்திருக்கும் இடத்தைத் தளமாக எண்ணிப் பரப்பில் சேர்த்திருப்பார்கள்; வெளியிலிருந்து அளந்தால் அது தெரியாது. பில்டர் கொடுத்த வரைபடத்தை எடுத்து மாடி அளவைக் கூட்டிப் பாருங்கள். 180 சதுர அடி கூடுதலாக எழுதியிருந்தால், சதுர அடி 200 டாலர் கணக்கில் 36,000 டாலர் அங்கேயே குறைந்துவிடும்.

அடுத்து வீட்டின் நிலை. டாலஸ் முதல் சான் அன்டோனியோ வரை பல பகுதிகளில் கரிசல் மாதிரியான களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அஸ்திவாரம் அசைந்து, சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடும், கதவு பொருந்தாமல் தேய்க்கும். வெடிப்பின் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், அகலம் தெரியும். அஸ்திவாரம் சரிசெய்யும் நிறுவனத்திடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். "வீட்டில் நிறைய ரிப்பேர்" என்று வாயால் சொன்னால் ஒன்றும் நடக்காது. "சரிசெய்ய 14,000 டாலர்" என்ற தாள் பேசும்.

தேதியை மறந்துவிடாதீர்கள். குறை ஜனவரி 1 அன்று இருந்திருக்க வேண்டும். ஏப்ரலில் பெய்த ஆலங்கட்டி மழையில் கூரை போயிருந்தால் அது இந்த ஆண்டுக் கணக்கில் வராது.

வீட்டை அண்மையில்தான் வாங்கினீர்கள், அதுவும் அவர்கள் போட்ட மதிப்பைவிடக் குறைவாக என்றால், வாங்கிய விலையைக் காட்டும் குளோசிங் ஆவணமே போதும். அதைவிட வலுவான சான்று கிடையாது. கூடுதல் விலைக்கு வாங்கியிருந்தால் சமமின்மை வழியில் போங்கள். ஆனால் கேட்டால் பொய் சொல்லக்கூடாது. விசாரணையில் உறுதிமொழி எடுத்துத்தான் பேசுகிறீர்கள்.

அவர்கள் கையில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்

படிவம் போடும்போதே, விசாரணையில் அலுவலகம் காட்டப்போகும் சான்றுகள் எல்லாவற்றையும் கேட்டு எழுதிவிடுங்கள். விசாரணைக்கு 14 நாள் முன்னதாக உங்களுக்குத் தர வேண்டும். கேட்டும் தராத எதையும் அவர்கள் விசாரணையில் பயன்படுத்த முடியாது. அப்புறம், அந்தத் தாள்களை அலுத்துக்கொள்ளாமல் படியுங்கள். அவர்கள் ஒப்பிட்டிருக்கும் வீடுகளில் ஒன்று உங்களுடையதைவிடத் தரமானதாக இருக்கலாம், இன்னொன்று ஏரியோரத்தில் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அப்பால் டோல் சாலை ஓடுகிறது என்பது அவர்கள் கணக்கில் இல்லாமலே போயிருக்கலாம். பல நேரம் உங்கள் வழக்குக்கு வேண்டியது அந்தக் கட்டுக்குள்ளேயே இருக்கும்.

முதலில் பேச்சு, பிறகு வாரியம்

பெரும்பாலான முறையீடுகள் வாரியம் வரை போவதில்லை. அலுவலகத்தின் மதிப்பீட்டாளர் போனிலோ நேரிலோ பேசுவார், அல்லது இணையத்தில் ஒரு எண்ணைக் காட்டி ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்பார். அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். கையெழுத்துப் போட்டால் அந்த ஆண்டுக்கு அதோடு முடிந்தது. வாரியத்துக்கும் போக முடியாது, அதற்கு மேலும் போக முடியாது. உங்கள் கணக்கில் வந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு விசாரணைக்குக் காத்திருங்கள்.

வாரியத்தின் பெயர் அப்ரைசல் ரிவ்யூ போர்டு, சுருக்கமாக ஏ.ஆர்.பி. இதில் இருப்பவர்கள் கவுன்டியில் வசிக்கும் பொதுமக்கள், மதிப்பீட்டு அலுவலக ஊழியர்கள் இல்லை. வழக்கமாக மூவர் உட்காருவார்கள். ஒருவர் மட்டும் விசாரித்தால் போதும் என்றும் கேட்கலாம். நேரில் போக முடியாவிட்டால் போன், வீடியோ, எழுத்துமூல உறுதிமொழி என்று வழிகள் உண்டு. தன் சார்பில் முறையிட முகவர் வைத்துக்கொள்ளாதவர் ஒரு முறை காரணம் சொல்லாமலே தேதியைத் தள்ளிப்போடலாம்.

பல இடங்களில் எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் ஒழுங்கு முக்கியம்:

1. முதல் வாக்கியத்திலேயே எண்ணைச் சொல்லுங்கள்: "என் வீட்டு மதிப்பு 5,95,200 ஆக இருக்க வேண்டும்."
2. ஐந்து வீடுகளின் பட்டியல் ஒரே தாளில். வாரிய உறுப்பினர்களுக்கும் எதிர்த்தரப்புக்கும் ஒவ்வொரு பிரதி.
3. குறைகள் இருந்தால் நான்கைந்து படங்கள், கூடவே ரிப்பேர் மதிப்பீடு.
4. அலுவலகத்தின் சான்றில் பொருந்தாத வீடு எது, ஏன் என்று ஒரு வரி.

மதிப்பு சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு சட்டப்படி அலுவலகத்துடையது. அவர்கள் நிரூபிக்காவிட்டால் தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாகத்தான் வர வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்கும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். தயங்க வேண்டாம், தாளில் இருக்கும் எண் தெளிவாக இருந்தால் பேச்சு தடுமாறினாலும் பரவாயில்லை.

முகவரிடம் கொடுப்பது

இந்த வேலையை எடுத்துச் செய்யும் நிறுவனங்கள் உண்டு. பலவும் மிச்சமாகும் வரியில் ஒரு பங்கைக் கேட்கும். நேரம் இல்லாதவர்களுக்கு அது நல்ல வழிதான். ஒப்பந்தத்தில் ஒன்றை மட்டும் கூர்ந்து பாருங்கள்: பங்கை எதன்மேல் கணக்கிடுகிறார்கள்? உண்மையில் குறைந்த வரியின் மேலா, குறைந்த சந்தை மதிப்பின் மேலா? முன்பு பார்த்த 5,80,000 வீட்டுக்காரர் இரண்டாவது வகையில் மாட்டினால், ஒரு டாலரும் மிச்சமாகாத இடத்தில் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். முகவர் நியமனத்துக்கு முடிவுத் தேதி போடவில்லை என்றால், நீங்கள் ரத்து செய்யும் வரை அது ஆண்டுதோறும் தொடரும்.

வாரியத்துக்குப் பிறகு

தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால், ஆணை கைக்கு வந்த 60 நாளுக்குள் இரண்டு வழிகள். ஒன்று மாவட்ட நீதிமன்றம். சாதாரண வீட்டுக்கு வழக்கறிஞர் செலவு கட்டுப்படியாகாது. இன்னொன்று நடுவர் தீர்ப்பு. 5,00,000 டாலருக்குள் இருக்கும் ஹோம்ஸ்டெட் வீட்டுக்கு 450 டாலர், அதற்கு மேல் 500 டாலர் முன்பணம் கட்ட வேண்டும். நடுவர் சொல்லும் மதிப்பு நீங்கள் கேட்டதற்கு நெருக்கமாக இருந்தால் 50 டாலர் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள். வாரியம் முடிவு செய்த எண்ணுக்கு நெருக்கமாக இருந்தால் பணம் போய்விடும். மேலே கணக்குப் போட்ட 434 டாலர் மிச்சத்துக்கு இது சரிவராது. பரப்பளவுத் தவறு மாதிரி உறுதியான சான்று இருந்து, வித்தியாசமும் பெரிதாக இருந்தால் மட்டும் போங்கள்.

மே மாத கெடுவையே தவறவிட்டவர்களுக்கும் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. ஹோம்ஸ்டெட் வீட்டின் மதிப்பு சரியான மதிப்பைவிடக் கால் பங்குக்கு மேல், மற்ற வீடுகளுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இருந்தால், வரி கெடுவுக்கு முன் திருத்தம் கேட்கலாம். ஆனால் அதில் வென்றாலும், தாமதமாகக் கேட்டதற்கு நீங்கள் அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

வரி பில் அக்டோபர், நவம்பரில் வரும். ஜனவரி 31-க்குள் கட்டியாக வேண்டும். பிப்ரவரி 1 ஆனாலே அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம் சேர்ந்துவிடும். வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் இந்த கெடு நகராது. வழக்கில் இல்லாத பகுதிக்கான வரியையாவது அதற்குள் கட்டவில்லை என்றால் மேல்முறையீட்டு உரிமையே போய்விடும். வங்கி எஸ்க்ரோவிலிருந்து முழுத் தொகையையும் கட்டிவிட்டிருந்தால் கவலை இல்லை. பின்னால் மதிப்பு குறைந்ததும் வித்தியாசம் திரும்ப வரும். அது உங்களுக்கு வருகிறதா, வங்கிக்குப் போகிறதா என்று வரி அலுவலகத்தில் ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.